கோட்டை மான்கள் ஊருக்கு இசைவாகிவிட்டனவா?

கோணமலையான்:
ஒரு வாக்குவாதத்தைத் தீர்த்து வையுங்கள். கூடப் படித்த ஒருவன், இப்போது கொழும்பில் இருக்கிறான், விடுமுறைக்கு வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனான்: திருகோணமலை மான்கள் ஊர் வாழ்க்கைக்கு முழுதாக இசைவாக்கம் அடைந்துவிட்டனவாம், இனிக் காடு அவற்றுக்குத் தேவையில்லையாம்.

அவன் காட்டும் சான்றெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். பிரட்ரிக் கோட்டை வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடித்தாலும் மான் எழும்பாது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களை மறித்து வாழைப்பழம் வாங்கித் தின்னும். இருட்டினால் கடற்கரைப் பக்கம் வந்து குப்பையைக் கிளறும். பாண், வடை, சோறு, பேப்பர், எதையும் விடாது. சிறுத்தை வராத இடம், தேடாமல் கிடைக்கும் சாப்பாடு. "இதைவிட என்னடா இசைவாக்கம்?" என்கிறான். எனக்கு எங்கோ உதைக்கிறது. ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

பாலையூற்றுப் பொடியன்:
இதில் உதைக்க என்ன இருக்கிறது அண்ணே? உயிரோடு இருக்கின்றன, குட்டி போடுகின்றன. கூர்ப்புக்கு, அதாவது பரிணாமத்துக்கு, அதுதானே கணக்கு. உங்கள் நண்பர் சொன்னது சரி.

ரீச்சரம்மா:
உயிரோடு இருப்பதும் குட்டி போடுவதும் போதுமென்றால், தெகிவளை மிருகக்காட்சிச்சாலைச் சிங்கமும் கூண்டுக்கு இசைவாக்கம் அடைந்ததாகிவிடும் தம்பி.

ஒரு கூட்டத்தில் சில விலங்குகளுக்குப் பிறப்பிலேயே ஒரு பண்பு இருக்கிறது. அதனால் அவை மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தப்பிக் கூடுதலாகக் குட்டிகளை விட்டுச் செல்கின்றன. பல தலைமுறை கழிந்தபின் அந்தப் பண்பு கூட்டம் முழுக்கப் பரவிவிடுகிறது. இசைவாக்கம் அப்படி வருவது. ஓட்டோவுக்குப் பயப்படாமல் இருப்பது இந்த மான் தன் ஆயுளுக்குள் பழகிக்கொண்டது. அதன் குட்டி பயமில்லாமல் பிறப்பதில்லை. தாய் ஓடாமல் நிற்பதைப் பார்த்துத் தானும் நிற்கிறது.

புள்ளிமானிடம் உண்மையான இசைவாக்கங்கள் நிறைய உண்டு. ஒன்றுகூட நகரத்துக்காக வந்தவையல்ல. பல மான் இனங்களில் குட்டிக்கு மட்டும் புள்ளி இருக்கும், வளர வளர மறைந்துவிடும். புள்ளிமானுக்கு ஆயுள் முழுக்க நிற்கும். இலைகளுக்கு ஊடாக வெயில் துண்டு துண்டாக விழும் காட்டோரத்தில் நின்று பார்த்தால் அதன் பயன் புரியும். தார் றோட்டில் அதே புள்ளிகளால் ஒரு பயனும் இல்லை.

குளிர்நாட்டு மான்கள் ஒரே பருவத்தில் இணைசேர்ந்து இளவேனிலில் குட்டி போடும், பனியில் போட்டால் குட்டி தப்பாது. நம்முடைய மானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்களின் கொம்புகூட எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் விழுவதில்லை. வருடத்தின் எந்த மாதத்திலும் கொம்பு முற்றிய ஆண் ஒன்றாவது கூட்டத்தில் இருக்கும், குட்டியும் எந்த மாதத்திலும் பிறக்கும். ஊரில் மான் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது வெப்பநாட்டுக் காட்டில் எப்போதோ வந்த குணம். வடை தின்று வந்ததல்ல.

கோணமலையான்:
பேப்பர் தின்பதற்கு என்ன சொல்கிறீர்கள் ரீச்சர்? காட்டில் பேப்பர் ஏது?

மிருகவைத்தியன்:
ரீச்சருக்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். பேப்பர் மானுக்குப் புதிதே இல்லை. அது மரத்திலிருந்து எடுத்த செலுலோசு. மான் அசைபோடும் பிராணி, வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செலுலோசை உடைத்துத் தருகின்றன. உங்களாலும் என்னாலும் பேப்பரைச் செரிக்க முடியாது, மானால் ஓரளவு முடியும். மையும் எண்ணெய்ப்பிசுக்கும் வேறு கதை.

உண்மையில் அதைக் கொல்லக்கூடியது சோறும் பாணும்தான். கேட்கிறவர்கள் நம்புவதில்லை. புல்லுக்கும் இலைக்கும் பழகிய வயிற்றில் ஒரேயடியாக மாப்பொருள் போய் விழுந்தால் லக்ரிக் அமிலம் சுரக்கும் பக்ரீரியாக்கள் மளமளவென்று பெருகும். முதல் அறையின் பீஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல்) வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும். அது 5.5க்குக் கீழே இறங்கினால் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அறைச்சுவர் புண்ணாகி, பிராணி நின்ற இடத்தில் படுத்துவிடும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாடு மறுநாள் வயிறு ஊதிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நுண்ணுயிர்க் கூட்டம் சில வாரங்களில் மாறிப் பழகும். மானின் உடல் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் பொலித்தீன். உணவின் உப்பும் மணமும் ஒட்டியிருப்பதால் தாளோடு சேர்த்து விழுங்கிவிடும். முதல் அறையிலிருந்து அடுத்த பக்கம் போகும் வழி சிறியது, நன்றாக மென்று நொறுங்கியதுதான் போகும். பொலித்தீன் நொறுங்காது. உள்ளேயே சுருண்டு சேர்ந்துகொண்டிருக்கும். வயிறு நிறைந்த உணர்வோடே அந்த மான் மெலிந்து சாகும். 2017 செப்டெம்பரில் சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டைத் தடைசெய்தார்கள், நல்லதுதான். கடற்கரையில் ஞாயிறு மாலை போய்ப் பார்த்தால் தடை எந்த அளவில் நிற்கிறது என்று தெரியும்.

பாலையூற்றுப் பொடியன்:
சரி, மானை விடுங்கள். உண்மையான இசைவாக்கம் என்று நம்முடைய மாவட்டத்தில் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒட்டகமும் துருவக்கரடியும் பாடப்புத்தகத்தில் படித்து அலுத்துவிட்டது.

வயல்காரன் (தம்பலகாமம்):
தம்பி, ஓகஸ்டில் வந்து எங்கள் பக்கத்துச் சிறுகுளம் ஒன்றைப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை விடாது. சுடுகாற்று. குளம் வற்றி வற்றி நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். அந்தத் தண்ணீர் கொதித்து, கலங்கி, ஒட்சிசன் இல்லாமல் கிடக்கும். முதலில் மிதப்பது திலாப்பியா. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், ஆபிரிக்க ஆறுகளின் பிறப்பு. உப்புத்தண்ணீரையும் தாங்கும், குஞ்சை வாயில் வைத்துக் காக்கும், பெருக்கத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் காற்றைக் குடிக்கத் தெரியாது.

அதே மடுவில் விரால், சுங்கான், பனையேறி மூன்றும் உயிரோடு கிடக்கும். மூன்றும் மேலே வந்து வாயால் காற்று எடுக்கிறவை. பனையேறிக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு எலும்புத் தகடு இருக்கிறது, அதன்மேல் இரத்தநாளம் ஓடும் மெல்லிய தோல். அதுதான் அதன் நுரையீரல் மாதிரி. மேலே வர விடாமல் வலையால் அமுக்கி வைத்தால் நல்ல தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் யார் நம்புவார்?

வற்றிய பிறகு விரால் சேற்றுக்குள் இறங்கிவிடும். தோலில் வழுவழுப்பு இருப்பதால் ஈரம் போகாது. மண்வெட்டியால் கொத்தி விரால் எடுப்பது எங்கள் பக்கம் அதிசயமில்லை. மழை விழுந்தால் பனையேறி குளத்தில் நிற்காது. செவுள் மூடியின் ஓரத்து முள்ளை நிலத்தில் ஊன்றி, வாலை உதைத்து, வரம்பு தாண்டி அடுத்த வயலுக்கு நடக்கும். இரவில் டோர்ச் அடித்தால் புல்லுக்குள் மினுங்கும்.

கோணமலையான்:
பனை ஏறுமா ஏறாதா? சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், பார்த்தவரைக் கண்டதில்லை.

ரீச்சரம்மா:
டல்டோர்ஃப் என்ற டேனிஷ் படையதிகாரி தரங்கம்பாடியில் ஒரு பனையில் தண்ணீருக்கு மேல் ஐந்து அடி உயரத்தில் இந்த மீனைக் கண்டதாக எழுதினார். 1797இல் அது லண்டனில் அச்சானது. அதன் அறிவியல் பெயரான அனபாசும் ஏறுவதைக் குறிப்பதுதான். நடக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மரம் ஏறியதை டல்டோர்ஃபுக்குப் பிறகு பெரிதாக யாரும் காட்டியதில்லை. பறவை தூக்கிக்கொண்டு போய்ப் பனையில் வைத்திருக்கலாம் என்றும் சொல்வார்கள்.

வயல்காரனின் மீன்களில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மாரியில் வெள்ளம், கோடையில் வறட்சி என்று மாறி மாறி அடித்த நிலங்களில் காற்றைக் குடிக்க முடிந்த மீன்களே மிஞ்சின. திலாப்பியாவுக்கு இந்தக் குளங்களில் எழுபது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் செவுளை மட்டுமே நம்பி நிற்கிறது. மானுக்கும் அதே கதைதான். ஊரில் இருந்தால் மட்டும் உடல் மாறிவிடாது.

கந்தளாய்க் குடி:
அப்படியானால் யானை? எங்கள் பக்கம் மின்வேலி போட்ட முதல் வருடம் நிம்மதியாகத் தூங்கினோம். அப்புறம் கொம்பன் ஒன்று தந்தத்தைக் கம்பிக்குக் கீழே கொடுத்து இழுத்து அறுத்தது. தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று அதற்கு எவன் சொல்லிக் கொடுத்தானோ. கொம்பில்லாத ஆண்களான அலியன்கள் வேறு வழி கண்டன. காய்ந்த மரத்தைத் தூக்கி வேலிமேல் போட்டுவிட்டுத் தாண்டுகின்றன. பகலில் காட்டுக்குள் சத்தம் இல்லை, வயலுக்கு வருவது முழுக்க இரவில்தான். இதையும் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவீர்களா ரீச்சர்? பழக்கத்தால் எங்கள் நெல் போகிறது.

ரீச்சரம்மா:
ஒதுக்கவில்லை அண்ணா. கற்றுக்கொள்ளும் மூளைதான் யானையின் இசைவாக்கம். அந்த மூளையை வைத்து அது உங்கள் வேலியைப் பற்றிக் கற்றது வேறு கணக்கு. ஒன்று தலைமுறை தலைமுறையாக உடலில் இறங்குகிறது, மற்றது பார்த்துப் பழகுவதால் பரவுகிறது. இரண்டாவது மிக வேகமானது. அதனால்தான் உங்கள் நெல் போகிறது.

ஆனால் யானையின் உடலும் வேகமாக மாறக்கூடும். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். கொரொங்கோசா என்ற காட்டில் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் சுட்டுத் தள்ளினார்கள், பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. ஆபிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் அங்கே தந்தமில்லாத பெண்கள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் ஏறக்குறையப் பாதி. 2021இல் வந்த ஆய்வு இதற்கான பரம்பரையலகு (ஜீன்) எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருப்பதைக் காட்டியது. அதைப் பெறும் ஆண் கரு பிழைப்பதில்லை, எனவே தந்தமில்லாமல் பிறப்பவை எல்லாம் பெண்கள். துப்பாக்கிக்குத் தப்பிய தாய்களின் மகள்கள் அவை.

கந்தளாய்க் குடி:
இங்கேயும் கொம்பன் அருமைதான். பத்து ஆண் யானை கண்டால் ஒன்றுக்குக் கொம்பு இருந்தாலே அதிசயம். வெள்ளைக்காரன் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1,400 யானைக்கு மேல் சுட்டார் என்பார்கள். கடைசியில் 1845இல் இடிவிழுந்து செத்தார். கொம்பனாகப் பார்த்துச் சுட்டதும் பிடித்து ஏற்றுமதி செய்ததும்தான் காரணமா?

ரீச்சரம்மா:
அது ஒரு விளக்கம். கொரொங்கோசா அளவுக்கு இங்கே நிறுவப்படவில்லை, அதனால் வகுப்பில் அடித்துச் சொல்லமாட்டேன்.

கிண்ணியா நானா:
நிலத்தோடே நின்றுவிட்டீர்கள். துறைமுக வாயிலுக்கு வெளியே கொஞ்சத் தூரத்திலேயே கடல் அதலபாதாளமாக இறங்குகிறது. அந்தப் பள்ளத்தால்தான் கரையிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் நீலத்திமிங்கலம் காண்கிறோம். மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை நல்ல காலம்.

உலகத்தில் மற்ற நீலத்திமிங்கலங்கள் பெரும்பாலும் கோடையில் துருவப் பக்கம் போய் வயிறு நிரப்பிவிட்டு, குட்டி போட வெப்பக்கடலுக்கு வரும். எங்களுடையவை அப்படிப் போவதில்லை. வடக்கே ஆசியா குறுக்கே நிற்கிறது, தெற்கே துருவம் வரை இறங்குவதும் இல்லை. வருடம் முழுக்க வட இந்து சமுத்திரத்திலேயே சுற்றும். பருவக்காற்று அடித்துக் கடலைக் கலக்கும்போது கீழேயுள்ள சத்து மேலே வருகிறது, அங்கே இரை பெருகுகிறது. காற்று மாற இரை மாறும், இரையோடு இவையும் மாறும். அன்ராட்டிக்காவின் நீலத்திமிங்கலம் 30 மீற்றர் வரை போகும், இவை கட்டை, 24 மீற்றருக்குள்தான். பாட்டும் வேறு. அவை தின்பது இறால் போன்ற கிறில். கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் சகாக்களும் இலங்கையின் தென்கரைக் கடலில் இவற்றின் மலத்தை அள்ளி டீஎன்ஏ பார்த்து 2018இல் எழுதினார்கள், இவை தின்றிருந்தது பெரும்பாலும் வேறொரு சின்ன இறால் வகை. மலம் அள்ளுவதும் ஒரு விஞ்ஞானம்தான் மச்சான், சிரிக்காதே.

1960களில் சோவியத் கப்பல்கள் இந்தக் கடல்பரப்பில் களவாக 1,200க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைப் பிடித்தன. துருவத்துக்குப் போகாமல் இங்கேயே நிற்கிற கூட்டத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

உயர்தரம் 2ஆம் வருடம்:
நானா, ஸ்பேர்ம் திமிங்கலமும் இங்கே வருகிறதுதானே. ஒரு மணித்தியாலம் மூச்சுப் பிடிக்கும் என்கிறார்கள். நுரையீரல் அவ்வளவு பெரிதா?

கிண்ணியா நானா:
வரும். சில நாளில் பெரும் கூட்டமாக. எப்படி மூச்சுப் பிடிக்கிறது என்று ரீச்சரிடம் கேள் தம்பி, நான் படகுக்காரன்.

ரீச்சரம்மா:
நுரையீரலை நம்பி அது இறங்குவதில்லை மகன். 1,000 மீற்றருக்குக் கீழே நீரின் அழுத்தம் நூறு மடங்குக்கு மேல், காற்று நிறைந்த நுரையீரல் அங்கே தாங்காது. விலா எலும்புகள் மடங்கிக் கொடுக்கும், நுரையீரல் சுருங்கிவிடும். அதனால் நைதரசன் இரத்தத்தில் ஏறுவதும் குறைகிறது. ஒட்சிசன் சேமிப்பு இருப்பது இரத்தத்திலும் தசையிலும். தசையில் மயோகுளோபின் என்ற புரதம் நம்மைவிடப் பல மடங்கு, அதனால் இறைச்சியே கறுப்பாகத் தெரியும். இவ்வளவு புரதத்தை அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதா என்பது நியாயமான கேள்வி. 2013இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள்: ஆழ்ந்து மூழ்கும் பாலூட்டிகளின் மயோகுளோபினுக்கு நேர்மின்னேற்றம் கூடுதல், ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் ஒட்டாது. இதய அடிப்பும் இறங்கும்போது குறைந்துவிடும். பரீட்சையில் "நுரையீரல் பெரிது" என்று எழுதினால் புள்ளி போகும்.

பாலையூற்றுப் பொடியன்:
நன்றி, ஒட்டகத்துக்கு இனி வேலையில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. நகரத்துப் புறாவைப் பாருங்கள். அதற்கு யார் கட்டிடத்தில் வாழக் கற்றுக்கொடுத்தது? அது ஊருக்கு இசைவானதுதானே?

ரீச்சரம்மா:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாத்தீவுக்குப் போயிருப்பீர்கள். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால்தான் அந்தப் பெயர். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டபின் எல்லாரும் பவளப்பாறையையும் குட்டிச் சுறாவையும் பார்க்கப் போகிறார்கள், புறாவை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உலகத்து நகரங்களில் உள்ள புறாவெல்லாம் இந்த இனத்தின் வழிதான். கடலோரப் பாறை விளிம்பில் முட்டையிடப் பழகிய பறவைக்குக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகக் கட்டிடத்தின் விளிம்பும் பாறைதான். ஊருக்காக அது மாறவில்லை, நாம் அதற்குப் பிடித்த பாறையைக் கட்டினோம்.

மானிடமும் இப்படி ஒன்று உண்டு. காட்டில் மந்திகள் மரத்தில் இலையும் பழமும் பறித்துப் பாதியைக் கீழே சிந்தும். புள்ளிமான்கள் அடியில் நின்று பொறுக்கித் தின்னும். மந்தி மேலிருந்து சிறுத்தையைக் கண்டு கத்தினால் மானுக்கும் லாபம். சத்தம் போட்டுக்கொண்டு சாப்பாட்டைச் சிந்தும் ஒரு கூட்டத்தின் அருகே நின்று பிழைப்பது இந்த இனத்துக்கு மிகப் பழைய தொழில். கோயில் வாசலில் நிற்கும் மானுக்கு நாம் வாலில்லாத மந்தி.

கோணமலையான்:
இதை அப்படியே நண்பனுக்கு அனுப்பினேன். இந்த இழைக்கே வருகிறான், கவனம்.

வெள்ளவத்தை வாசி:
வந்துவிட்டேன். எல்லாம் வாசித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இசைவாக்கம் இல்லையென்றால் தொகை ஏன் குறையவில்லை? செத்துத் தீர்ந்திருக்க வேண்டுமே.

மிருகவைத்தியன்:
சிறுத்தை இல்லை, வேட்டை இல்லை, வருடம் முழுக்கக் குட்டி. தொகை நிற்க இது போதும். ஒவ்வொரு மானும் நலமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. தொகையைக் காட்டி நலத்தைச் சொல்லமுடியாது.

குட்டிகளைக் கவனியுங்கள். பிறந்த முதல் நாட்களில் புள்ளிமான் குட்டி தாயோடு ஓடாது. தாய் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும், பாலூட்ட மட்டும் திரும்பி வரும். குட்டி அசையாமல் கிடக்கும், உடல்மணமும் குறைவு. சிறுத்தை இரண்டடி தள்ளிப் போனாலும் காணாது. அந்தத் தந்திரத்துக்கு உயர்ந்த புல் வேண்டும். இங்கே குட்டி மதிலோரத்தில், வெறும் மண்ணில், நிறுத்தியிருக்கும் வாகனத்துக்கு அடியில் அதே மாதிரி அசையாமல் கிடக்கிறது. தெருநாய்க் கூட்டம் வந்தாலும் எழும்பி ஓடாது, ஓடக்கூடாது என்பதுதான் அதன் உடலில் எழுதியிருக்கிறது. நாய் கடித்த குட்டிகளைக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வெள்ளவத்தை வாசி:
அப்படியானால் ஓடுகிற குட்டிகள் மட்டும் தப்பி, காலப்போக்கில் ஓடுகிற மான் இனம் வரலாமே? மொசாம்பிக் யானை மாதிரி.

ரீச்சரம்மா:
வரலாம். அதற்கு ஓடும் குணம் பரம்பரையாக இறங்கவேண்டும், கூட்டத்தில் அந்த வேறுபாடு முதலிலேயே இருக்கவேண்டும், கூட்டமும் போதிய அளவு பெரிதாக இருக்கவேண்டும். கோட்டையைச் சுற்றி அடைபட்ட ஒரு சிறு கூட்டத்துக்குள் உறவுக்குள்ளேயே இணைசேரும்போது வேறுபாடு குறைந்துகொண்டுதான் போகும். கொரொங்கோசாவில் தந்தமில்லாத பெண்கள் போருக்கு முன்பே இருந்தன என்பதை மறக்கவேண்டாம்.

மிருகவைத்தியன்:
இனி ஓடுகிற மான் வரும்வரை: குட்டி தனியாகக் கிடந்தால் அநாதை என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேயும். நாய் நின்றால் நாயை விரட்டுங்கள், குட்டியைத் தொடாதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பலா இலை, கிளுவை இலை. சோறும் பாணும் வேண்டாம்.

பாலையூற்றுப் பொடியன்:
வாழைப்பழத்தோல்?

மிருகவைத்தியன்:
ஒன்றிரண்டு பரவாயில்லை. பையோடு எறியாதே.